பெட்டி கலைத்துப்போட்ட கணக்கு

எனக்குத் தெரியாதது எவ்வளவோ உண்டு. ஆனால் ‘தெரியாது’ என்று சொல்ல மட்டும் வாய் வராது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். தெருவுக்கு வருகிற கடிதம், கரண்ட் பில், மாத்திரை அட்டை எல்லாம் என் கைக்குத்தான் வரும். ஒரு தடவை தெரியாது என்றால் போதும், “அப்புறம் என்னத்தப் படிச்ச?” என்பார்கள். அதனால் எதைக் கேட்டாலும் தலையாட்டிவிடுவேன். (பெரியப்பாவின் இருமல் மருந்தைக் காலில் தேய்க்கச் சொன்னது தனிக்கதை.)

அந்தத் தலையோடுதான் கணிதம் முதுகலை படிக்க ஜெர்மனியில் கார்ல்ஸ்ரூஹே வந்தேன். மாணவர் விடுதியில் மூன்று அறைகளுக்கு ஒரு சமையலறை. முதல் ஐந்து மாதத்தில் அங்கே என்னிடம் கேட்கப்பட்ட ஒரே கேள்வி, எதிர் அறை யோனாஸ் கேட்டது: “இந்தச் சத்தம் போடும் பாத்திரம் உங்களுடையதா?” குக்கரைச் சொன்னான்.

பிறகு பக்கத்து அறைக்குத் தர்ஷினி வந்தாள். கொலோனில் பிறந்து வளர்ந்த ஈழத்துப் பெண். வந்த வாரமே யோனாஸோடு சிநேகமாகிவிட்டாள். ஒருநாள் சமையலறையில் என்னைப் பிடித்தாள்.

“நீங்கள் மேத்ஸ் எல்லோ? அப்ப பிளாக்ஜாக்கில காட் எண்ணுவியளோ? மூண்டு கிழமையில யோனாஸுக்குப் பிறந்தநாள், கசினோவுக்குப் போறம்.”

“ஓ, எண்ணுவேனே!” என்றேன். அதுவரை நான் சீட்டாட்டம் பார்த்தது டவுன்பஸ் கடைசி சீட்டில் எட்டிப் பார்த்த அளவுதான்.

“சூப்பர்! நீங்களும் வாங்கோ. நீங்கள்தான் எங்கட மூளை.”

எங்கட. அந்த ஒரு சொல்லுக்காக நான் சீட்டுக்கட்டையே மென்று தின்றிருப்பேன்.

கையில் மூன்று வாரம் இருந்தது. அன்றே கட்டு ஒன்று வாங்கினேன். இருபத்தொன்றைத் தாண்டாமல், சீட்டுப் போடுகிறவரை முந்த வேண்டும், அவ்வளவுதான் ஆட்டம். எந்தக் கைக்கு என்ன செய்வது என்ற அட்டவணையைக் கண்ணாடி பக்கத்தில் ஒட்டிப் பல் தேய்க்கும்போது மனப்பாடம் செய்தேன். எண்ணுவதும் எளிது. இரண்டு முதல் ஆறு வரை விழுந்தால் ஒன்று கூட்டு. பத்து, படச்சீட்டு, ஏஸ் விழுந்தால் ஒன்று கழி. மற்றவற்றை விட்டுவிடு. கணக்கு ஏற ஏற மிச்சக் கட்டில் பெரிய சீட்டுகள் அதிகம், பந்தயத்தை உயர்த்தலாம்.

கதவைச் சாத்திக்கொண்டு, இரண்டு தலையணைகளுக்கும் என் குளிர்கோட்டுக்கும் சீட்டுப் போட்டேன். “அண்ணே, உங்ககிட்ட பதினாறு. எதிர்ல பத்து. மனசைத் தேத்திக்கிட்டு இன்னொண்ணு வாங்குங்க” என்று கோட்டுக்கு எடுத்துச் சொல்வேன். (கோட்டு பெரும்பாலும் தோற்றது. ஆனால் அந்த மாதம் நான் அதிகம் பேசியது அதனிடம்தான்.)

யோனாஸின் பிறந்தநாள் சனிக்கிழமை பிற்பகல், பக்கத்து ஊர் கசினோ. பச்சை மேஜைக்குப் பின்னால் நரைத்த முடியுடன் ஒரு அம்மா. அவர் பக்கத்தில் கறுப்புப் பெட்டி ஒன்று முனகிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் பழைய சீட்டுகளை அதற்குள் போட்டார். குப்பைக்கூடை போல என்று நினைத்தேன்.

ஊரில் எங்கள் அம்மா வைக்கோல் கட்டு எண்ணுகிற மாதிரி, கட்டைவிரலால் விரல் கணுக்களைத் தொட்டுத் தொட்டு எண்ணினேன். பத்து. பன்னிரண்டு. பதினான்கு!

“இப்ப ஏத்துங்க,” என்று தர்ஷினியின் காதில் சொன்னேன். ஏற்றினோம். தோற்றோம். “இன்னும் ஏறுது, விடாதீங்க.” யோனாஸ் தன் பிறந்தநாள் காசு முழுவதையும் வைத்தான். அதுவும் போயிற்று.

சீட்டுப் போடும் அம்மா என் விரல்களையும் உதடுகளையும் பார்த்துத் தர்ஷினியிடம் ஏதோ கேட்டார்.

“நீங்கள் செபம் சொல்லுறியளோ எண்டு கேக்கிறா.”

“எண்ணுறேன்னு மட்டும் சொல்லிடாதீங்க! தூக்கி வெளிய போட்டுருவாங்க!”

அதற்குள் யோனாஸ் பெருமையாக ஜெர்மனில் சொல்லிவிட்டான். நான் கைப்பையை இறுக்கிக்கொண்டு, காவலாளிகள் என்னை மேதை என்று இழுத்துப்போகக் காத்திருந்தேன். அந்த அம்மா சிரித்தார். பெட்டியைத் தட்டிக் காட்டினார்.

தர்ஷினி மெதுவாகச் சொன்னாள்: “இந்த மெஷின் ஒவ்வொரு முறையும் எல்லாத்தையும் திருப்பிக் கலைக்குதாம். எண்ணுறதுக்கு ஒண்டும் இல்லையாம். ஆனா விருப்பம் எண்டா எண்ணட்டாம்.”

“தெரியும்,” என்றேன்.

ரயிலில் திரும்பினோம். நாளையிலிருந்து திரும்பவும் குக்கரும் நானும்தான் என்று ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“உண்மையைச் சொல்லுங்கோ. இதுக்கு முதல் விளையாடி இருக்கிறியளோ?”

“கோட்டோட.”

“என்ன கோட்டு?”

சொன்னேன். தலையணைகளையும் சேர்த்துச் சொன்னேன். தர்ஷினி சிரித்த சிரிப்பில் ரயில் பெட்டி முழுவதும் திரும்பிப் பார்த்தது. மொழிபெயர்ப்பு கிடைத்ததும் யோனாஸும் சேர்ந்துகொண்டான். அதற்கப்புறம் நான்கு ஞாயிறுகள் மூவரும் சேர்ந்து சமைத்தோம். பிறகு தர்ஷினி வேலைக்காகக் கொலோன் திரும்பினாள், யோனாஸும் அறை மாறினான்.

அம்மாவிடம் சொல்ல எனக்குப் பல மாதம் ஆயிற்று. சூதாட்டம் என்றதும் திட்டுவாள் என்று பயந்தேன். அவள் கேட்டது ஒன்றுதான்.

“கூட யாரு வந்தா?”

“ரெண்டு பேரும்மா.”

“ரெண்டு பேரு வந்தாங்களா!” என்று மூச்சு விட்டாள். “அப்ப காசு போனா போவுது.”

இப்போது ஊரில் ரேஷன் கடை மெஷின் யார் கைரேகையையாவது எடுக்காவிட்டால், வரிசையில் நிற்கும் அம்மா, “இது எம்பொண்ணையே ஏமாத்துன ஜெர்மன் பொட்டி, உன்னய விடுமா?” என்கிறாளாம். சில நாள் அங்கிருந்தே போன் செய்து எல்லாரையும் பேச வைப்பாள். நான் ஸ்பீக்கரைப் போட்டு, போனை விடுதிச் சமையலறை மேஜையில் வைத்துவிடுவேன். வரிசை மொத்தமும் என்னைச் சொல்லிச் சிரித்து முடிக்கும்வரை, அணைக்கவே மாட்டேன்.