அண்ணியின் லேப்டாப்புக்கு இரட்டைக் காவல்

கிரில் கேட்டைப் பூட்டிவிட்டு அதற்குப் பின்னால் இருந்த மரக்கதவையும் பூட்டிக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு அந்த யோசனை உதித்தது.

எங்கள் செம்பாக்கம் தெருவில் ஒற்றைப் பூட்டோடு திருப்திப்படுகிற வீடே கிடையாது. காம்பவுண்டு கேட்டுக்கு ஒன்று, கிரிலுக்கு ஒன்று, கதவுக்கு ஒன்று. கொடியில் காயும் துண்டைத் தவிர எல்லாவற்றுக்கும் பூட்டு உண்டு. அப்படிப்பட்ட தெருவில் வாழ்ந்துகொண்டு, அண்ணியின் லேப்டாப்புக்கு மட்டும் ஒரே ஒரு ஆண்டிவைரஸா? என்ன அநியாயம் இது!

நான் அப்போது கம்ப்யூட்டர் இன்ஜினியரிங் இரண்டாம் ஆண்டு. அதாவது எல்லாம் தெரிந்த வயது. (ஒன்றும் தெரியாது என்பது மூன்றாம் ஆண்டில்தான் தெரியவரும்.) வீட்டில் டிவி ரிமோட் முதல் அம்மாவின் போன் வரைக்கும் நான்தான் டாக்டர். டிகிரி முடியட்டும் என்று எந்த நோயாளியும் காத்திருக்கவில்லை.

அண்ணி மஞ்சுளா கோயம்புத்தூர்க்காரர். அங்கே ஓர் இன்டர்நெட் கம்பெனியின் வாடிக்கையாளர் சேவையில் நான்கு வருடம் வேலை பார்த்தவர். கல்யாணமாகி எங்கள் வீட்டுக்கு வந்ததில் அந்த வேலை போனது. ஒன்றரை வருடமாக விண்ணப்பம் போட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில் ஒரு கம்பெனி இறுதிச் சுற்று நேர்காணலுக்கு அழைத்தது. லேப்டாப் தகராறு என்று போன் செய்கிறவர்களுக்குத் தமிழிலேயே உதவுகிற வேலை, அதுவும் வீட்டிலிருந்தே. வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணி, வீடியோவில்.

"இதுவும் கிடைக்கலைன்னா இனிமே தேடறதா இல்லைங்க" என்று அவர் அண்ணனிடம் சொன்னது என் காதில் விழுந்திருந்தது. அதனால்தான் நான் களத்தில் குதித்தேன். அந்த முக்கியமான நேரத்தில் வைரஸ் வந்துவிட்டால்?

புதன்கிழமை மதியம், அண்ணி துணி காயப்போட மொட்டை மாடிக்குப் போன பத்து நிமிடத்தில், ஏற்கெனவே இருந்த ஆண்டிவைரஸுக்குத் துணையாக இன்னொன்றை இறக்கிப் போட்டேன். அது முதலில் இருந்ததைப் பற்றி ஏதோ எச்சரிக்கை காட்டியது. நானும் படிக்காமல் 'சரி' என்று அழுத்தினேன். (எச்சரிக்கையை உட்கார்ந்து படிக்கிறவள் இன்ஜினியரா?)

அன்று சாயங்காலமே திரை நீலமானது. நீலத்தின் நடுவே ஒரு சோக முகம். கீழே பொடி எழுத்தில் ஏதோ ஒரு வரி. பிறகு தானாகவே அணைந்து மறுபடி எழுந்தது.

"ரம்யா கண்ணு, இதென்ன இப்படி ஆகுது?" என்று அண்ணி பதறினார்.

"அப்டேட்டா இருக்கும் அண்ணி. நீங்க போய்ப் படிங்க, இதை நான் பாத்துக்கறேன்" என்று லேப்டாப்பைப் பிடுங்கிக்கொண்டேன்.

நான்கு வருடம் இதே தொழிலில் இருந்தவரிடம் ஒரு வார்த்தை கேட்போம் என்று எனக்கும் தோன்றவில்லை, எங்கள் வீட்டில் வேறு யாருக்கும் தோன்றவில்லை. வீட்டு டாக்டர் நான் இருக்கும்போது மருமகளிடம் போய் வைத்தியம் கேட்பார்களா?

வியாழக்கிழமை காலைக்குள் நான்கு முறை நீலம். சூடுதான் காரணம் என்று நோயைக் கண்டுபிடித்தேன். லேப்டாப்பின் வயிற்றுக்குக் காற்று போக வேண்டும். ஓட்டை ஓட்டையாக, உயரமாக, உலோகத்தில் ஒரு பொருள் வேண்டும். அது எங்கள் சமையலறையில்தான் இருந்தது.

"ஏண்டி, இட்லித் தட்ட எங்கடி தூக்கிட்டுப் போற? மாவு பொங்கி வழியுது!"

"இன்னிக்கு தோசை ஊத்தும்மா. அண்ணியோட எதிர்காலம்!"

தட்டைக் கவிழ்த்து அதன் மேல் லேப்டாப்பை வைத்து, பக்கத்தில் டேபிள் ஃபேனைத் திருப்பிவிட்டேன். அப்புறமும் நீலம்! உடனே ஸ்க்ரூ டிரைவரை எடுத்தேன். பின்மூடியைக் கழற்றி, ரேம் என்கிற மெமரி அட்டையை உருவி, அதன் பித்தளை நிறப் பற்களைப் பென்சில் ரப்பரால் தேய்த்தேன். (சிரிக்காதீர்கள். தாம்பரத்தில் பாதிக் கடைகளில் இதுதான் முதலுதவி.) திருப்பி மாட்டியதும் ஒரு மணி நேரம் ஒழுங்காக ஓடியது. அன்று பார்த்து எங்கள் இன்டர்நெட் ஒரு மணி நேரம் செத்துக் கிடந்ததையும், அதனால் யாரும் எந்தக் கோப்பையும் திறக்காமல் இரண்டு ஆண்டிவைரஸும் சும்மா இருந்ததையும் நான் கணக்கில் எடுக்கவில்லை. 'ஆபரேஷன் சக்சஸ்' என்று அண்ணனுக்குச் செய்தியும் அனுப்பிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை. அண்ணி பட்டுப் புடவையைப் போலிருந்த பருத்திப் புடவையில் கம்பீரமாக உட்கார்ந்திருந்தார். எதிரே இட்லித் தட்டின் மேல் லேப்டாப். கேமராவில் தெரியாதபடி மேஜைக்கடியில் நான், அவசர சிகிச்சைக்காக, கையில் ரப்பரோடு.

திரையில் இருவர். பேசுகிற ஒரு மேடம், பேசாத ஒரு கண்ணாடிக்காரர். ஆறு நிமிடம் எல்லாம் அமோகம். ஏழாவது நிமிடம் அண்ணி தன் பழைய வேலைக்கான சான்றிதழைக் காட்டக் கோப்பைத் திறந்தார். நீலம்.

மறுபடி எழுந்து, உள்ளே போய், மன்னிப்புக் கேட்டு, மறுபடி அதே கோப்பு. மறுபடி நீலம்.

அண்ணியின் முகம் அந்தத் திரையைவிடச் சோகமாக இருந்தது. ஒரு நொடிதான். பிறகு கையை மேஜைக்கடியில் நீட்டினார். "கண்ணு, உன் போனைக் குடு." என் போன் வழியாகவே நேர்காணலுக்குள் நுழைந்துவிட்டார்.

மேடத்தின் குரல் கேட்டது. "டென்ஷன் ஆகாதீங்க மஞ்சுளா. கஸ்டமரோட லேப்டாப் அடிக்கடி கிராஷ் ஆகுது, என்ன பண்ணுவீங்கன்னுதான் அடுத்த கேள்வியே கேக்க இருந்தேன். லைவாவே பாத்துடலாமா? ஆனா, கஸ்டமர் வேணுமே?"

"இருக்காங்க மேடம்" என்றார் அண்ணி. போனை மேஜைக்கடியில் திருப்பினார்.

தமிழ்நாட்டிலேயே முதல் முறையாக, ஒரு கையில் ரப்பரும் தலையில் ஒட்டடையுமாக ஒரு கஸ்டமர் தவழ்ந்து வெளியே வந்தாள். எனக்குப் பின்னால், லேப்டாப்புக்கு அடியில் இருந்ததைப் பார்த்துக் கண்ணாடிக்காரர் முதன்முறையாக வாய் திறந்தார்.

"அது... இட்லித் தட்டா?"

"காத்தோட்டத்துக்கு சார்."

அவர் மைக்கை அணைத்துவிட்டுக் குலுங்கினார்.

அண்ணியின் குரல் மாறிவிட்டது. வீட்டில் நாங்கள் கேட்டே இராத ஒரு நிதானம். "வணக்கம் ரம்யா மேடம். எப்ப இருந்து இப்படி ஆகுதுங்க?"

"புதன்கிழமைல இருந்து."

"புதன்கிழமை கடைசியா என்ன மாத்தினீங்க?"

"ஒண்ணுமே மாத்தலையே."

சமையலறையிலிருந்து அம்மா. "பொய்!"

"பரவாயில்லைங்க. அந்த நீலத்துல கீழ பொடி எழுத்துல ஒரு வரி வரும். அடுத்த தடவை வந்ததும் அதை மட்டும் படிச்சுச் சொல்லுங்க."

வந்தது. மூன்று நாளாக அந்தச் சோக முகத்தையே பார்த்துக்கொண்டிருந்த நான், முதன்முறையாக அந்த வரியைப் படித்தேன். கோளாறு செய்த கோப்பின் பெயர். அதன் தொடக்கத்தில், நான் புதிதாகப் போட்ட ஆண்டிவைரஸின் பெயர், பளிச்சென்று.

"அண்ணி... மேடம்... ஏற்கெனவே ஒண்ணு இருந்துச்சு. நான் கூட இன்னொண்ணு போட்டேன். பாதுகாப்புக்கு."

மேடம் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "கஸ்டமருக்குப் புரியற மாதிரி விளக்குங்க மஞ்சுளா" என்றார்.

"ஒரு பஸ்ல ரெண்டு கண்டக்டருங்க மேடம். ஸ்டாப்புல ஒருத்தர் நிக்கச் சொல்லி ஒரு விசில் அடிக்கிறார். அதே நேரத்துல இன்னொருத்தர் போகச் சொல்லி ரெண்டு விசில் அடிக்கிறார். டிரைவர் என்ன பண்ணுவாரு? வண்டிய நடுரோட்ல நிறுத்திட்டு எறங்கிப் போயிருவாரு. அந்த எறங்கிப் போறதுதான் இந்த நீலம். நீங்க ஒரு கோப்பைத் தொறந்தா, ரெண்டு பேரும் நான்தான் சோதிப்பேன்னு பாயறாங்க."

பிறகு என்னைக் கையைப் பிடித்து அழைத்துப்போவதுபோல் அழைத்துப்போனார். ஷிஃப்டை அழுத்தியபடி ரீஸ்டார்ட். அத்தியாவசியமானவை மட்டும் ஓடுகிற சேஃப் மோடு. அங்கே வைத்து, நான் போட்டதை நீக்குதல். நிஜமாகவே நீக்க வேண்டுமா, யோசித்துப் பார்த்தாயா, எங்களிடம் என்ன குறை என்று அது மூன்று முறை கண்ணீர் விட்டது. மனதைக் கல்லாக்கிக்கொண்டேன். மறுபடி ரீஸ்டார்ட். சான்றிதழ் திறந்தது. பத்து நிமிடம் திறந்தே இருந்தது.

"வேற ஏதாவது உதவி வேணுமாங்க ரம்யா மேடம்?"

"இல்லைங்க மேடம்" என்றேன். என் வாழ்வில் நான் பேசிய மிகப் பணிவான வாக்கியம் அதுதான்.

திங்கட்கிழமை வேலைக்கான கடிதம் வந்தது. அண்ணி அதை இரண்டு முறை படித்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அண்ணன் ஸ்வீட் வாங்கி வந்தான். அந்தக் கம்பெனியின் பயிற்சி வகுப்பில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு இப்போது இதையே ஒரு கதையாகச் சொல்கிறார்களாம். அதில் கஸ்டமரின் பெயரை மட்டும் மாற்றிவிட்டார்களாம். இட்லித் தட்டை மாற்றவில்லை.

எங்கள் வீட்டிலோ மோட்டார் தண்ணீர் இழுக்காவிட்டாலும், ஃபேன் கிறீச்சிட்டாலும், வண்டி கிளம்ப மறுத்தாலும், யாரும் காரணம் தேடுவதில்லை. நேராக என் அறைக்கதவைத் தட்டி, "ரம்யா மேடம், கடைசியா என்ன மாத்தினீங்க?" என்று கேட்கிறார்கள். பால்காரர்கூடக் கேட்டுவிட்டார்.

நேற்று கீழ் வீட்டில் இருக்கும் எங்கள் ஹவுஸ் ஓனர் தாஸ் அங்கிள் மாடியேறி வந்தார். "பாப்பா, நம்மூட்டு கம்ப்யூட்டரு ஒரே பேஜார் பண்ணிகினு கீது. தொறந்தா நீலமா ஒரு மூஞ்சி வந்து அழுவுது."

"கடைசியா என்ன மாத்தினீங்க அங்கிள்?"

"நான் இன்னா மாத்துனேன்? என் புள்ளதான் சேஃப்டியா இருக்கட்டும்னு நாலு ஆண்டிவைரஸ் போட்டுக் குட்துட்டு துபாய் போய்க்கீறான்."

நான்கு! ஒரு பஸ்ஸில் நான்கு கண்டக்டர்! எனக்குத் தலைகால் புரியவில்லை. அண்ணியிடம் ஓடினேன். போனில் தான் சொல்லச் சொல்லச் செய்வதாக இருந்தால் மட்டும் போகலாம் என்றார். சத்தியமும் வாங்கிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குக் கீழே இறங்குகிறேன். அண்ணி சொல்கிற வரிசையில், ஒவ்வொன்றாக, நான்கையும் நீக்கிவிடுவதாகத் திட்டம். நீக்கிய பிறகு அந்தக் காலி இடத்தில் என்ன போடலாம் என்று எனக்கு ஒரு சின்ன யோசனை இருக்கிறது. அதை மட்டும் அண்ணியிடம் இன்னும் சொல்லவில்லை.