வெறுங்கால் வேண்டுதல்

கூட்டத்தில் வாயே திறக்காதவர்களை நம்பாதீர்கள். அவர்கள் ஆயுளில் ஒரே ஒரு தடவைதான் கத்துவார்கள். அது கத்தவே கூடாத நேரமாக இருக்கும். (உனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? நான் அந்த ரகம்தான்.)

ஐம்பதுகளின் கடைசி. ஸ்ரீரங்கத்தில் பிறந்து, எட்டாம் வகுப்போடு படிப்பை முடித்து, பாலக்கரைக்கு வாழ்க்கைப்பட்டு வந்திருந்தேன். பெண் பார்த்துவிட்டுப் போனபோது தரகர், “மாப்பிள்ளை மேனேஜர்” என்று சொல்லியிருந்தார். வாழைக்காய் மண்டி வைத்திருந்த என் அப்பா, ஏதோ பேங்க் மேனேஜர் என்று நினைத்து மண்டி முழுக்கப் பெருமை பேசிவிட்டார். கல்யாணத்துக்குப் பிறகுதான் தெரிந்தது, அவர் பட்டறையில் ஃபிட்டர். மேனேஜர் வேலை பாலக்கரை ஃபுட்பால் டீமில். அதற்குச் சம்பளம் கிடையாது. கழுத்தில் ஒரு பித்தளை விசில் மட்டும் உண்டு.

அந்த விசிலைக் குளிக்கும்போதுகூட அவர் கழற்றமாட்டார். பட்டறையில் அவரை யார் வேண்டுமானாலும் திட்டலாம். சாயங்காலம் மைதானத்தில் அவர் விசில் ஊதினால் பதினோரு பேர் நிற்பார்கள், இன்னொரு தடவை ஊதினால் ஓடுவார்கள். ஒரு மனுஷனுக்கு அது பெரிய விஷயம் என்று எனக்கே போகப் போகத்தான் புரிந்தது.

எங்கள் ஜன்னலுக்கு எதிரே காதர் பாயின் சோடா கடை. தினமும் பொழுது சாய்ந்ததும் டீமின் அபிமானிகள் அங்கே கூடி, என் வீட்டுக்காரரின் ஆட்டத் திட்டங்களைக் கிழித்துத் தோரணம் கட்டுவார்கள். எனக்குத் தண்ணீர் பிடிக்கப் போகக் கூச்சம். குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு ஜன்னலுக்குப் பின்னாலேயே நிற்பேன். அப்படி நின்றே எனக்கு ஃபுட்பாலில் பாதி தெரிந்துவிட்டது. (மிச்சப் பாதி தெரியாததுதான் வினை.)

அந்த வருஷம் கோப்பையின் கடைசி ஆட்டத்தில் எங்களுக்கு எதிரி ஸ்ரீரங்கம் டீம். அவர்களுக்கு ஒரு ஜவுளிக்கடை முதலாளி புத்தம்புது பூட்ஸ் வாங்கிக் கொடுத்துவிட்டார். எங்கள் பிள்ளைகள் எப்போதும் வெறுங்காலில் ஆடுகிறவர்கள். தெரு இரண்டாகப் பிரிந்தது. பூட்ஸ் கட்சிக்குத் தலைவர் காதர் பாய். வெறுங்கால் கட்சிக்குத் தையல்கடை சின்னையா.

“வெறுங்காலுக்குத்தான் பாய் பந்து சொன்னபடி கேக்கும். பூட்ஸை மாட்டிட்டா பந்து எங்க இருக்குன்னு காலுக்கே தெரியாதுங்க” என்பார் சின்னையா.

“அவன் பூட்ஸ் காலால ஒரு மிதி மிதிச்சான்னா, பந்து எங்கன்னு இல்லண்ணே, கால் எங்கன்னு நாம தேடணும்” என்பார் பாய்.

“நீங்க சோடாவைப் பாருங்க.”

“நீங்க மொதல்ல பித்தானைத் தைங்க. போன மேட்ச்சுல நம்ம பய ஒரு கையால நிஜாரைப் பிடிச்சிக்கிட்டே ஓடுனான்.”

ஒருநாள் இந்தச் சண்டை முற்றி, என் வீட்டுக்காரரையே நடுவில் நிறுத்தினார்கள்.

“முடிவா சொல்லுங்க மேனேஜர். பூட்ஸா, வெறுங்காலா?”

“வெறுங்கால்” என்றார் அவர்.

“மழை பேஞ்சா? சேறாச்சின்னா வெறுங்கால் வழுக்குமே?” பாய் விடவில்லை.

“பேயாது.”

“பேஞ்சு, தோத்துப் போனா?”

அவர் கழுத்து விசிலைத் தூக்கிக் காட்டினார். “தோத்தா இதைக் கழட்டி உங்க கடையிலயே வச்சிட்டுப் போயிடறேன். போதுமா?”

ஜன்னலுக்குப் பின்னால் குடம் என் இடுப்பிலிருந்து நழுவியது. அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை. விசிலை விரலால் தடவிக்கொண்டே உட்கார்ந்திருந்தார். அந்த விசில் போய்விட்டால் மிச்சமிருப்பது பட்டறையில் திட்டு வாங்கும் ஆள் மட்டும்தான் என்று எனக்குத் தோன்றியது.

ஆட்டத்தன்று பக்கத்து வீட்டு ஆரோக்கியம் அக்கா என்னை இழுத்துக்கொண்டு போனாள். அவள் புருஷன்தான் எங்கள் கோல்கீப்பர். பெண்களுக்கென்று ஓரமாக ஒரு பெஞ்சி போட்டிருந்தார்கள். நான் தலையைக் குனிந்து, அதன்மேல் முந்தானையைப் போட்டு, அதன்மேல் குடையும் பிடித்துக்கொண்டேன். (வெயிலுக்கு இல்லை. ஆண்பிள்ளைகள் பார்ப்பார்களே என்று.) அந்தக் குடைக்குக் கீழே எனக்குத் தெரிந்ததெல்லாம் கால்கள்தான்.

“இதுல யாரு நம்மாளுங்கக்கா?” என்று கேட்டேன்.

“வெறுங்கால் எல்லாம் நம்ம கால். பூட்ஸ் எல்லாம் உன் அப்பன் ஊருக் கால். புளியமரத்துப் பக்கத்துக் கோலுக்குள்ள பந்து போனா நாம கத்தணும். அவ்வளவுதாண்டி ஃபுட்பாலு.”

அவ்வளவுதான் ஃபுட்பால் என்று நானும் மனப்பாடம் செய்துகொண்டேன்.

முதல் பாதி முழுக்க யாருக்கும் கோல் விழவில்லை. பூட்ஸ்கள் மிதித்தன, வெறுங்கால்கள் துள்ளின. எங்கள் முதுகுக்குப் பின்னாலேயே சின்னையாவும் பாயும் நின்று ஒருவரையொருவர் கரித்துக்கொட்டிக்கொண்டிருந்தார்கள். இடைவேளைக்கு நேரமாகும்போது வானம் இருட்டி, மழை கொட்ட ஆரம்பித்தது.

“ஐயோ, என் மொளகாய்!” என்று ஆரோக்கியம் அக்கா எழுந்தாள். வாசலில் மிளகாய் காயப்போட்டிருந்தாள். “எடுத்து வச்சிட்டு ஓடியாந்துடறேன். எடத்தைப் பாத்துக்க” என்று ஓடிவிட்டாள்.

நான் தனியாளானேன். சேறாகிவிட்டால் வெறுங்கால் வழுக்குமே என்று பாய் சொன்னது நினைவுக்கு வந்தது. கண்ணை மூடி, சமயபுரத்தாளைக் கூப்பிட்டேன்.

வேண்டுவதில்தான் சிக்கல். ‘என் வீட்டுக்காரர் ஜெயிக்கணும்’ என்றால் எந்த வீட்டுக்காரர் என்று அம்மனுக்குத் தெரிய வேண்டாமா? பெயர் சொல்லலாம் என்றால், புருஷன் பெயரைச் சொல்லிப் பழக்கமே இல்லை. ‘பாலக்கரை ஜெயிக்கணும்’ என்றால் ஸ்ரீரங்கம் தோற்கணும் என்று வேண்டியதாகிவிடும். பிறந்ததிலிருந்து கும்பிட்ட பெருமாள் என்ன நினைப்பார்? யாருக்கும் மனஸ்தாபம் வராமல் நான் ஒரு வழி கண்டுபிடித்தேன்.

“தாயே, வெறுங்கால் பிள்ளைங்க ஜெயிக்கணும். ஜெயிச்சா நானும் வெறுங்காலோடயே நடந்து வந்து உனக்கு மாவிளக்கு போடறேன்.”

என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டு கண்ணைத் திறந்தபோது இரண்டாம் பாதி தொடங்கியிருந்தது. மிளகாய் எடுக்கப் போன அக்கா இன்னும் திரும்பவில்லை.

நான் கண்ணை மூடியிருந்த நேரத்தில் மூன்று காரியங்கள் நடந்துவிட்டன. ஒன்று, மழையைப் பார்த்ததும் என் வீட்டுக்காரர் மனம் மாறி, காதர் பாய் எங்கிருந்தோ இரவல் வாங்கிச் சாக்கில் கட்டி வைத்திருந்த பழைய பூட்ஸ்களை எங்கள் பிள்ளைகளுக்கு மாட்டிவிட்டார். இரண்டாவது, ஸ்ரீரங்கத்துப் பிள்ளைகளுக்குப் புது பூட்ஸ் கடித்துக் கொப்புளமாகி, தண்ணீரில் ஊறிக் கனத்தும்விட்டதால், அவர்கள் அதைக் கழற்றி எறிந்துவிட்டார்கள். மூன்றாவது, இடைவேளைக்குப் பிறகு இரண்டு டீமும் பக்கம் மாறி ஆடும். இதை எனக்கு யாரும் சொல்லவில்லை.

பனியன் நிறத்தைப் பார்த்திருக்கலாமே என்பீர்கள். எங்கள் பனியன்களுக்கு நீலச் சாயம் போட்டது ஆரோக்கியம் அக்கா. முதல் தூறலிலேயே அது காவிரிக்குப் புறப்பட்டுவிட்டது. மைதானத்தில் இருபத்திரண்டு சேற்று மனிதர்கள்தான் ஓடினார்கள்.

நான் கால்களைப் பார்த்தேன். வெறுங்கால்கள் புளியமரத்துப் பக்கம் பாய்ந்தன. பூட்ஸ்கள் வழுக்கின. எனக்குப் பூரிப்பு. ‘வழுக்கட்டும், நல்லா வழுக்கட்டும்’ என்று குடைக்குள் முணுமுணுத்தேன். நேரம் ஆக ஆகப் பின்னால் சத்தம் அடங்கிக்கொண்டே வந்தது. பாயும் சின்னையாவும்கூடச் சண்டையை விட்டுவிட்டார்கள். எல்லோருக்கும் பதற்றம் என்று நினைத்தேன். குடைக் காம்பை உடைத்துவிடுவதுபோல் பிடித்திருந்தேன்.

கடைசி நிமிஷங்கள். ஒரு வெறுங்கால் இரண்டு பூட்ஸ்களைத் தாண்டி, மூன்றாவது பூட்ஸையும் ஏமாற்றி, ஓங்கி உதைத்தது. பந்து புளியமரத்துக் கோலுக்குள் போய் விழுந்தது.

எங்கிருந்துதான் வந்ததோ அந்தக் குரல். குடையைத் தூக்கி எறிந்தேன். பெஞ்சியின்மேல் ஏறி நின்றேன்.

“சமயபுரத்தாளே! கேட்டதைக் கொடுத்துட்டியே தாயே!”

பாலக்கரைக் கூட்டம் முழுவதும் செத்த வீடு மாதிரி அமைதியாக இருந்தது. அந்த அமைதியில் என் கைதட்டல் மட்டும் தனியாகக் கேட்டது. தூரத்தில் என் வீட்டுக்காரர் மெதுவாகத் திரும்பிப் பார்த்தார். அவருக்குப் பக்கத்தில் தலையைப் பிடித்துக்கொண்டு நின்ற பிள்ளையின் காலைப் பார்த்தேன். பூட்ஸ்.

கைதட்டலை நடுவில் நிறுத்துவது எவ்வளவு கஷ்டம் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது.

சாயங்காலம் கூட்டம் எங்கள் வாசலுக்கே வந்துவிட்டது. அவர் வாசற்படியில் நின்றார். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன்.

“பூட்ஸ் போடச் சொன்னது யாரு? காலங்காலமா வெறுங்கால்ல ஆடுன பசங்களை லாடம் அடிச்ச மாடு மாதிரி ஆக்கிட்டாரு!” என்று சின்னையா குதித்தார்.

“மொதல்லேருந்தே போட்டுப் பழகியிருந்தா வழுக்கியிருக்குமா?” என்றார் பாய். அவரும் விடுவதாக இல்லை.

“அதை விடுங்க. வீட்டுக்குள்ளயே எதிராளி! பொறந்த ஊர்ப் பாசம் பொத்துக்கிட்டு வந்துடுச்சி, பெஞ்சி மேல ஏறியில்ல கத்துச்சு அந்தப் பொண்ணு!” என்று கூட்டத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

என் வீட்டுக்காரர் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கழுத்துக்குக் கையைக் கொண்டுபோய் விசிலைக் கழற்றினார். அதை வாசற்படியில் வைத்துவிட்டு நிமிர்ந்தபோது அவர் கழுத்து மொட்டையாக, யாரோ ஒரு ஆளின் கழுத்து மாதிரி இருந்தது.

நடந்ததை என்னிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு என் பக்கத்திலேயே நின்ற ஆரோக்கியம் அக்கா, என் முதுகில் ஒரு குத்து விட்டாள். “வாயைத் தொறந்து சொல்லுடி!”

கதவுக்குப் பின்னாலிருந்தே சொன்னேன். “நான் அவங்க ஜெயிக்கணும்னு வேண்டலண்ணே... வெறுங்கால் ஜெயிக்கணும்னுதான் வேண்டினேன். நடுவுல மாத்துவாங்கன்னு எனக்குத் தெரியாது.”

சின்னையா மெதுவாகக் கேட்டார். “யார்கிட்டம்மா வேண்டினே?”

“சமயபுரத்துக்காரிகிட்ட.”

“ஊர் பேரு சொன்னியா?”

“இல்லண்ணே. வெறுங்கால்னு மட்டும்தான்.”

சின்னையா படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். “அப்பறம் எப்படிய்யா ஜெயிக்க முடியும்? வெறுங்காலுக்கு அவ வாக்குக் குடுத்தாச்சு. இவரு போயி நடுவுல பூட்ஸை மாட்டியிருக்காரு!”

காதர் பாய் விசிலை எடுத்து, சட்டையில் துடைத்தார். “பதினோரு பேரை எதுத்து ஆடத்தானே மேனேஜர் திட்டம் போட்டாரு? இதுல பன்னெண்டாவதா ஒரு ஆளு எறங்குனா அவரு என்ன பண்ணுவாரு? இந்தாங்க மேனேஜர், மாட்டுங்க. தங்கச்சி, அடுத்த மேட்ச்சுக்கு என்னாண்ட கேட்டுட்டு வேண்டு.”

பதவி தப்பியது. ஆனால் அவர் முகம் தெளியவில்லை. உள்ளே வந்து உட்கார்ந்தவர், “அப்ப என் திட்டம் சரியா தப்பான்னு எவனுமே சொல்லலையே” என்றார். அந்த வருத்தம் அவருக்கு இன்றுவரை தீரவில்லை.

வேண்டுதல் பலித்துவிட்டதால் செலுத்தியாக வேண்டும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வெறுங்காலோடு சமயபுரத்துக்கு நடந்தோம். அவரும் கூட வந்தார். காவிரிப் பாலம் தாண்டியதும், விஷயத்தைக் கேள்விப்பட்ட ஸ்ரீரங்கம் டீம் கோப்பையோடு நின்றிருந்தது. “எங்களுக்காக வேண்டிக்கிட்ட அக்கா” என்று எனக்குப் பானகம் கொடுத்தார்கள். அவருக்கும் ஒரு டம்ளர் நீட்டினார்கள். அவர் எதிரியின் பானகத்தைக் குடிப்பதா வேண்டாமா என்று ஒரு நிமிஷம் திட்டம் போட்டார். வெயில் ஜெயித்தது.

இப்போது எங்கள் வீட்டில் யாரும் என்னை வேண்டிக்கொள்ள விடுவதில்லை. பரீட்சைக்குப் போகும்போது பையன், “அம்மா, வேண்டறதா இருந்தா இனிஷியலோட வேண்டு” என்பான். போன வருஷம் அவருக்குக் குடலிறக்கம் என்று புத்தூரில் ஒரு ஆஸ்பத்திரியில் ஆபரேஷன். தள்ளுவண்டியில் படுக்கவைத்துக் கொண்டுபோகும்போது என்னை அருகில் கூப்பிட்டார். கழுத்தில் விசில் இல்லை. நர்ஸ் கழற்றி என் கையில் கொடுத்திருந்தாள்.

“இந்தா, உள்ள நாலு பேரு படுத்திருக்கானுங்க. எல்லாரும் வெறுங்கால்தான். இந்தத் தடவையாவது என் பேரைச் சொல்லி வேண்டிக்க.”

கதவு மூடியது. சுற்றுமுற்றும் பார்த்தேன். யாருமில்லை. விசிலை இறுகப் பிடித்துக்கொண்டு, கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக, அந்தப் பெயரை வாய்விட்டுச் சொன்னேன்.

பிழைத்து வந்துவிட்டார். நேற்றுகூட, “சத்தமாச் சொன்னியா, மனசுக்குள்ளயா?” என்று கேட்டார்.

பெயரை மட்டும் இங்கே எழுதமாட்டேன். கூச்சமாக இருக்கிறது.