மேம்பாலத்துக்கு எத்தனை பல்?

"நல்லா ஓடிக்கிட்டிருக்கிற வண்டியில எதுக்குங்க கை வெக்கிறீங்க?"

"நல்லா ஓடுதுன்னு உனக்கு யாரு சொன்னா? மேம்பாலத்துல பாதிக்கு மேல—"

"இருக்கிற முப்பத்திரண்டு பல்லே போதும்னு—"

"வாய்க்குத்தான் முப்பத்திரண்டு. வண்டிக்கு நாப்பத்திநாலு!"

ராஜ்குமாரும் சாவித்திரியும் ஒரே நேரத்தில் பேசுவது இருபத்தாறு வருடப் பழக்கம். ஒருவர் முடித்த பிறகு இன்னொருவர் தொடங்கினால் அந்த வீட்டில் யாருக்கோ உடம்பு சரியில்லை என்று அர்த்தம்.

சண்டைக்குக் காரணம் வாசலில் சாய்ந்து நின்றது. மஞ்சள் நிற மலை சைக்கிள். அப்பாவுக்குச் சர்க்கரை என்று கேள்விப்பட்டு, சிங்கப்பூரில் இருக்கும் மகன் வாங்கி அனுப்பியது. பின்சக்கரத்தில் எட்டு கியர். மிதிக்கிற இடத்தில் செயினை இழுக்கிற பல்சக்கரம் மட்டும் ஒன்றே ஒன்று. அதில்தான் அந்த முப்பத்திரண்டு பல்.

சைக்கிள் வந்துவிட்டது, மலைதான் இல்லை. வெண்ணாற்றங்கரை ஊரில் மலைக்கு எங்கே போவது? வரப்பைவிட உயரம் வாய்க்கால் கரை. வாய்க்கால் கரையைவிட உயரம் ஆற்றங்கரை. அதையும் விட உயரம், புறவழிச் சாலையில் இருக்கும் ரயில்வே மேம்பாலம். அதற்கு மேல் வானம்தான்.

கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தரான ராஜ்குமார், டிசம்பரில் கொல்லிமலை ஏறப்போகும் சைக்கிள் குழுவில் பேர் கொடுத்திருந்தார். கொடுத்ததைச் சங்கம் முழுக்கச் சொல்லியும் விட்டிருந்தார். உரம் வாங்க வருகிறவர்கள்கூட, "கொல்லிமலை எப்ப சார்?" என்று கேட்டுவிட்டுத்தான் மூட்டையைத் தூக்கினார்கள். ஆனால் மேம்பாலத்தை அவர் ஒரு நாளும் முழுசாக ஏறியதில்லை. பாதியில் இறங்கி, போன் வந்த மாதிரி காதில் வைத்துக்கொண்டு, மீதியைத் தள்ளிக்கொண்டே நடந்துவிடுவார்.

"சரி, பந்தயம் வெச்சுக்குவோம்," என்றாள் சாவித்திரி. "ஆடிப்பெருக்கன்னிக்குக் கால் ஊனாம பாலம் ஏறிக் காட்டுங்க. ஏறலைன்னா வண்டியைக் குந்தவை வீட்டுல கொண்டுபோய் நிறுத்திடணும். கொல்லிமலையும் கிடையாது."

குந்தவை சாவித்திரியின் தங்கை. இரண்டு தெரு தள்ளி வீடு.

"அவ வீட்டுல யாரு சைக்கிள் ஓட்டுறா?"

"நின்னா சோறா கேக்கப் போகுது? சும்மா நிக்கட்டும்."

"நான் ஏறிட்டேன்னா?"

சாவித்திரி ஒரு கணம் யோசித்தாள். "ஏறிட்டீங்கன்னா, அந்த வண்டி இருக்கிற பக்கம் நான் தலைவெச்சும் படுக்க மாட்டேன். போதுமா?"

ராஜ்குமாருக்கு இதைவிட நல்ல பந்தயம் கிடைக்காது. அன்றே தஞ்சாவூர் கீழவாசலில் அப்துல் ஜலீலின் சைக்கிள் கடைக்கு வண்டியைக் கொண்டுபோனார்.

"சார், பெரிய பல்லு போட்டா ஒரு மிதிக்கு வண்டி நிறைய ஓடும், நெசந்தான். ஆனா மிதி கனக்கும். மேட்டுக்கு ஆகாது."

"கீழேருந்தே வேகமா வந்துட்டா அந்த வேகத்துலயே ஏறிடாது?"

"நெல்லு லாரிக்கே அது ஆகுறதில்ல சார்."

சொல்லிவிட்டு ஜலீல் குனிந்து செயினை விரலால் தூக்கிப் பார்த்தார். "வண்டி வந்து எத்தனை மாசம்?"

"ரெண்டு."

"தேய்மானத்தைப் பார்த்தா ஐநூறு கிலோமீட்டருக்கு மேல ஓடியிருக்கும் போலயே. நல்ல உழைப்பு சார்!"

ராஜ்குமார் மனசுக்குள் கணக்குப் போட்டார். விடிகாலையில் வாரத்துக்கு மூன்று நாள், நாளுக்கு ஐந்து கிலோமீட்டர். கணக்கு இடித்தது. பாராட்டு இடிக்கவில்லை. "ஏதோ நம்மால முடிஞ்சது," என்றார்.

"அப்புறம் ஜலீல் பாய், இந்த சீட்டைப் பாருங்க. எவ்வளவு ஏத்தி வெச்சாலும் மறுநாள் காலையில நாலு விரக்கடை எறங்கி நிக்குது."

ஜலீல் சீட்டுக் குழாயின் பிடியை முறுக்கினார், ஆட்டினார், மேலே ஏறி உட்கார்ந்து குதித்தார். அது அசையவில்லை. பிறகு ராஜ்குமாரின் வயிற்றை மரியாதையாகப் பார்த்தார். "பிடி நல்லாத்தான் இருக்கு."

"பின்னே?"

"அது... சார் கொஞ்சம் பூசினாப்புல..."

அன்றிரவு ராஜ்குமார் நான்கு தோசைக்குப் பதில் இரண்டோடு எழுந்துவிட்டார்.

நாற்பத்திநாலு பல் சக்கரம் சும்மா வந்து உட்காரவில்லை. பழைய செயின் எட்டவில்லை. நாலு கண்ணி சேர்க்க வேண்டியிருந்தது. சக்கரம் சட்டத்தில் உரசியது. வாஷர் வைத்துத் தள்ளினார்கள். தள்ளியதில் செயின் கோணிக்கொண்டு, அரவை மில் மாதிரி சத்தம் போட்டது. ஆனாலும் சமதரையில் என்ன பாய்ச்சல்! மறுநாள் காலை அவர் டவுன் பஸ்ஸையே முந்தினார். அது நிறுத்தத்தில் ஆள் ஏற்றிக்கொண்டிருந்தது என்பது வேறு விஷயம்.

மேம்பாலத்தின் அடியில், தார்ப்பாய் போர்த்தி நின்ற இளநீர் வண்டியை அதே வேகத்தில் கடந்தார். மேட்டில் ஏறினார். இருபது அடியில் மிதி கருங்கல்லானது. முப்பது அடியில் சைக்கிள் நின்றது. நின்ற சைக்கிள் யோசித்துப் பார்த்துவிட்டுப் பின்னால் நகர்ந்தது. ராஜ்குமார் பிரேக்கைப் பிடித்தார், சாய்ந்தார், புல் சரிவில் சைக்கிளோடு வழுக்கிக்கொண்டு போய்க் கீழே குறுவை வயலில் உட்கார்ந்தார்.

நடவு நட்டுக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்தார்கள்.

"ஐயோ, சார்! அடி பட்டுச்சா?"

"இல்லம்மா, இல்ல."

"அப்ப நாத்து மேலேருந்து எந்திரிங்க. இப்பத்தான் நட்டோம்."

"அட இருக்கட்டும் விடு அக்கா, கொக்கு வெரட்ட ஆகும்!"

வீட்டில் சாவித்திரி சேற்றைப் பார்த்தாள், சிரிக்கவில்லை. அந்த வாரம் முழுக்க அவள் சிரிக்கவே இல்லை. ஒரு நாள் சாயங்காலம் அவர் சங்கத்திலிருந்து வந்தபோது, அவள் இரண்டு முழங்காலுக்கும் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"உனக்கென்ன ஆச்சு?"

"நாள் பூரா அடுப்படியில நின்னு பாருங்க, தெரியும். முதல்ல அந்தப் பெரிய பல்லைக் கழட்டி எறிங்க! மிதிக்கிறவங்க முட்டி என்னத்துக்கு ஆகும்?"

ராஜ்குமார் நெகிழ்ந்துபோனார். என்ன திட்டினாலும் என் முட்டி மேல் இவளுக்கு எவ்வளவு அக்கறை! தைலத்தை வாங்கித் தானும் தேய்த்துக்கொண்டார்.

ஆடிப்பெருக்குக்கு ஒன்பது நாள் இருந்தது.

"ஜலீல் பாய், இருக்கிறதுலயே சின்னது எது?"

"இருபத்திரண்டு. ஆனா சார், அவ்வளவு சின்னது போட்டா மிதி பஞ்சா இருக்கும், கால் தையல் மிஷின் மாதிரி சுத்தும், வண்டி நகராது. என்னைக் கேட்டா முப்பது, இருபத்தெட்டு—"

"இருபத்திரண்டே போடுங்க."

"அப்ப செயின்ல கண்ணி குறைக்கணும்."

"எதுக்கு? திரும்பப் பெரிசு போட்டா வேணும்ல? இருக்கட்டும்."

ஊரில் மீந்த குழாயை வெட்டாமல் சுற்றி வைக்கிற பழக்கம் உண்டு. மோட்டாருக்கு அது சரி. சைக்கிள் செயின், கொடியில் காயப்போட்ட வேட்டி மாதிரி தொங்கியது.

மறுநாள் காலை ராஜ்குமாரின் கால்கள் பறந்தன. ராஜ்குமார் பறக்கவில்லை. சங்கத்தில் ஓய்வு பெற்ற வைரக்கண்ணு, எழுபது வயது, கையை வீசி நடைப்பயிற்சி போகிறவர், பக்கத்தில் வந்து சேர்ந்துகொண்டார்.

"என்ன ராஜ்குமார், காலு இந்தப் பறப்பு பறக்குது, ஆள் இங்கேயே இருக்கீங்க?"

"பல்லு... சின்னது... மாத்திருக்கேன்."

"பல்லா? எனக்குக்கூட ரெண்டு மாத்தினாங்க. மெல்லவே முடியல." கொஞ்ச தூரம் கூடவே நடந்தார். பிறகு கடிகாரத்தைப் பார்த்தார். "தப்பா நெனைச்சுக்காதீங்க. எனக்கு நேரமாச்சு, நான் முன்னால போறேன்."

அவர் போன பத்தாவது அடியில் செயின் கழன்றது. மாட்டினார். கழன்றது. மூன்றாவது தடவை அது சக்கரத்துக்கும் சட்டத்துக்கும் நடுவில் போய்ச் சிக்கிக்கொண்டது. சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு அவர் வந்த கோலத்தை, சங்கத்து வாசலில் விதைநெல்லுக்கு நின்ற அத்தனை பேரும் பார்த்தார்கள்.

"கொல்லிமலையில இப்படித்தான் ஏறணுமா சார்?" என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

அதற்குப் பிறகுதான் கண்ணியைக் குறைக்கச் சம்மதித்தார். மீதி நாட்களில் வேறு ஒன்றும் செய்யவில்லை, பழகினார். மிதியை அழுத்தக் கூடாது, உருட்ட வேண்டும். மூச்சுக்குத் தகுந்த மாதிரி கால் சுற்ற வேண்டும். முக்கியமாகப் பாலத்தின் உச்சியைப் பார்க்கவே கூடாது. சீட்டு மட்டும் தினம் நாலு விரக்கடை இறங்கியது. அவரும் இரண்டு தோசையை ஒன்றாகக் குறைத்துக்கொண்டார்.

ஆடிப்பெருக்கன்று சாவித்திரி படித்துறையில் காப்பரிசி படைத்து, மஞ்சள் கயிறு கட்டிக்கொண்டு, பதினோரு மணிக்குக் குந்தவையின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து மேம்பாலத்துக்கு வந்து இறங்கினாள்.

"அத்தான், எங்க வீட்டு வாசல்ல இடம் ஒழிச்சு வெச்சிருக்கேன்," என்றாள் குந்தவை. "துடைக்கத் துணிகூட ரெடி."

"தரையைத் துடைச்சுக்க," என்றார் ராஜ்குமார், கிளம்பினார்.

கால்கள் சுற்றின. வண்டி நகர்ந்தது, நகர்கிறதா என்று சந்தேகப்படும்படி. ஒரு ஆடு அவரைக் கடந்து போனது. மினி பஸ்ஸில் முளைப்பாரி வைத்துக்கொண்டு போன பெண்கள் ஜன்னல் வழியாகக் குலவை இட்டார்கள். அது அவருக்கா, ஆற்றுக்கா என்று தெரியவில்லை. பாதி வந்தது. வழக்கமாகப் போன் வரும் இடம். ராஜ்குமார் கண்ணை மூடிக்கொண்டார். உருட்டு, உருட்டு, உருட்டு. கண்ணைத் திறந்தபோது சைக்கிள் தானாக ஓடியது. ஏனென்றால் அந்தப் பக்கம் இறக்கம்.

திரும்பி வந்தவரின் சட்டை பிழிந்து காயப்போடும் நிலையில் இருந்தது. "பார்த்தியா? பார்த்தியா?"

சாவித்திரி பார்த்தாள். பந்தயத்தில் தோற்றவளின் முகம் மாதிரி இல்லை. பிறந்த வீட்டுச் சொத்தை எழுதிக் கொடுத்தவளின் முகம் மாதிரி இருந்தது. சைக்கிளின் ஹாண்டில்பாரை ஒரு தடவை தொட்டுவிட்டுக் கையை எடுத்துக்கொண்டாள்.

"சரி, ஜெயிச்சிட்டீங்க. வாங்க, வீட்டுக்குப் போவோம்."

"அதெப்படி? வா, இளநீர் குடிப்போம்."

"வேணாங்க. சளி பிடிக்கும்."

"ஆடி மாசத்து வெயில்ல என்ன சளி?"

"வீட்டுலயே மோர் இருக்கு—"

"மோர் தினம் குடிக்கிறோம். நான் தினமா பாலம் ஏறுறேன்?"

குந்தவை முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். ராஜ்குமார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு முன்னால் நடந்தார். விடிகாலையில் தார்ப்பாய் போர்த்தியே அவர் பார்த்த வண்டி, இப்போது பட்டுக்கோட்டைக் காய்கள் குலைகுலையாகத் தொங்க, கடை விரித்திருந்தது. கடைக்காரி மெஹராஜ் பேகம் சைக்கிளைப் பார்த்தாள். அதன் பின்னால் மெதுவாக வந்த சாவித்திரியைப் பார்த்தாள். முகம் மலர்ந்தது. சாவித்திரி அவசரமாகத் தலையை ஆட்டினாள், கண்ணை உருட்டினாள்.

"மூணு காய் சீவும்மா," என்றார் ராஜ்குமார். "தண்ணி நிறைய இருக்கிறதா எனக்கு. பாலம் ஏறி வந்திருக்கேன். கால் ஊனாம!"

"அப்படிங்களா சார்."

"இந்தம்மா என்கூடப் பந்தயம் கட்டித் தோத்தவங்க. இவங்களுக்கு இதெல்லாம் எங்க புரியும்? மேட்டுல சைக்கிள் மிதிச்சுப் பார்த்தாத்தானே அந்தக் கஷ்டம் தெரியும்!"

மெஹராஜ் பேகத்தின் அரிவாள் காயின் மேல் பாதியில் நின்றது.

"ஏன்க்கா, அந்தப் பெரிய சக்கரம் மாட்டியிருந்த வாரத்துலகூட, முட்டி வலிக்குதுன்னு சொல்லிக்கிட்டே தினம் மத்தியானம் மூணு வாட்டி எறங்காம ஏறுனீங்களே, அந்த வித்தையை வீட்டுக்காரருக்கும் கொஞ்சம் சொல்லிக் குடுத்திருக்கலாம்ல?"