தில்லைமுனையில் ஒரு சர்வதேச விளையாட்டரங்கம்

தில்லைமுனை மின்னொளி விளையாட்டுக் கழகத்தின் மைதானம் எண்பத்து நான்கு மீற்றர் நீளமுடையது. வாவிக்கரை உதைபந்தாட்ட லீக்கின் புதிய விதிப்படி, முதலாம் பிரிவுக் கழகமொன்றின் மைதானம் தொண்ணூறு மீற்றருக்குக் குறையலாகாது. தொண்ணூறிலிருந்து எண்பத்து நான்கைக் கழித்தால் ஆறு வரும். இந்தக் கழித்தலைச் செய்து முடிப்பதற்கு நிருவாகத்துக்கு ஏறத்தாழ ஓராண்டு தேவைப்பட்டது. முடித்தபோது விடை வேறாக இருந்தது.

மைதானத்தின் வடக்கில் வாவி. தெற்கில் ஒரு சுவர். சுவருக்கு அப்பால் முன்னொரு காலத்தில் உரம் வைத்திருந்த அரச களஞ்சியம் ஒன்று இருந்தது. அதன் கூரை பறந்து பதினான்கு ஆண்டுகள் ஆகின்றன. இப்போது அங்கே எருக்கலை, சக்கரமில்லாத ஓர் உழவு இயந்திரம், அதன் அடியில் குடியிருக்கும் ஓர் உடும்பு ஆகியன உள்ளன. அவை யாவும் அரச உடைமைகள். அந்தச் சுவரை ஆறு மீற்றர் பின்னுக்குத் தள்ளிக் கட்டினால் விதியும் நிறைவேறும், உடும்புக்கும் இடைஞ்சல் இராது.

கழகச் செயலாளர் அழகரத்தினம் இளமையில் கோல்காப்பாளராக நின்ற ஆண்டிலேதான் மின்னொளி முதலாம் பிரிவுக்கு ஏறியது. பத்தொன்பது ஆண்டுகளாக அது இறங்கவில்லை. தாம் செயலாளராக இருக்கும்போது இறங்கிவிடுமோ என்ற எண்ணத்தில் அவருக்குச் சோறு இறங்கவில்லை. டிசெம்பர் முப்பத்தோராம் திகதிக்குள் ஆறு மீற்றர் வேண்டும். ஆகவே, ஜனவரி பிறந்த முதற் கிழமையிலேயே ஏறாவூரிலிருந்து மேசன் ஜிப்ரியை அழைத்து வந்து சுவரைக் காட்டினார். வளைகுடா நாட்டில் ஒன்பது ஆண்டுகள் விளையாட்டரங்குகள் கட்டித் திரும்பியவர் ஜிப்ரி. சுவரை ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தார்.

"ரெண்டு நாள் வேல, அண்ணன். நாளைக்கு ஒடைச்சா நாளையிண்டைக்குக் கட்டிரலாம். புதுக் கல்லும் வேணா. இதுலயே எடுக்கலாம்."

"அனுமதி எடுக்கணும் தம்பி."

"ஆருக்கிட்ட? செவருக்கிட்டயா?"

"கந்தோர்ல."

ஜிப்ரி, சுவர் உடைக்கவென்று கொண்டுவந்த தமது அலவாங்கைச் சாக்கிலே சுற்றி மறுபடியும் சைக்கிளிற் கட்டினார். கந்தோர் என்ற சொல்லின் எடை அவருக்குத் தெரியும்.

பிராந்திய மைதான ஒருங்கிணைப்புப் பணியகம் என்பது மைதானங்களை ஒருங்கிணைப்பதற்காக நிறுவப்பட்ட பணியகம். மைதானங்கள் எவ்வாறு ஒன்றோடொன்று இணையும் என்று அங்கே யாரும் கேட்டதில்லை. திட்ட உத்தியோகத்தர் சிவதர்ஷன் விண்ணப்பத்தை இருமுறை வாசித்தார். அழகரத்தினத்துடன் அவருடைய தங்கை மகள் விதுர்ஷாவும் வந்திருந்தாள். கழகத்தின் மகளிர் அணித் தலைவி அவள். லீக்கின் விதிப் புத்தகத்தை முழுமையாக வாசித்த ஒரே உறுப்பினரும் அவளே.

"ஐயா, நீங்க கேக்கிறது விரிவாக்கம்," என்றார் சிவதர்ஷன். "விரிவாக்கம் செய்யிறதெண்டா, விரிவாக்கப்படுற பொருள் முதல்ல இருக்கணும்."

"இருக்கே சேர். நாப்பது வருசமா அதுலதானே விளையாடுறம்."

"பதிவேட்டில இல்லையே." பதிவேட்டை அவர் பக்கம் திருப்பினார். "இந்த இடம் 'கால்நடைகள் நீர் அருந்துந் தரை' எண்டு கிடக்கு. மைதானம் இல்லாத இடத்தில மைதானத்த எப்பிடி விரிவாக்குற?"

"அப்ப மாட்டுக்காவது ஆறு மீற்றர் கூட்டித் தாங்க சேர்," என்றாள் விதுர்ஷா.

"மாடு வேற திணைக்களம், தங்கச்சி."

அழகரத்தினத்தின் முகம் வாடியதைக் கண்டு உத்தியோகத்தர் இரங்கினார். கதிரையை முன்னுக்கு இழுத்துக் குரலைத் தாழ்த்தினார்.

"ஐயா, கவலப்படாதீங்க. உங்களுக்கு மைதானம் இல்ல. அதுதான் உங்கட பலம். மைதானம் இல்லாத கழகத்துக்குப் புது விளையாட்டரங்கம் குடுக்கலாமெண்டு சுற்றறிக்கை இருக்கு. ஆறு மீற்றர் தர எனக்கு அதிகாரம் இல்ல. பத்து ஏக்கருக்கு மேலயெண்டா இருக்கு."

இந்தத் தருக்கத்தில் ஓட்டை எதுவுமில்லை. இல்லாத ஒன்றை நீட்ட முடியாது, இல்லாத ஒன்றைப் புதிதாகக் கட்டலாம். செயலாளர் ஆறு மீற்றர் கேட்கப் போய், சர்வதேசத் தரம் வாய்ந்த விளையாட்டரங்கம் ஒன்றுடன் வீடு திரும்பினார்.

அக்காலத்தில் வாவியின் இரு கரைகளிலும் விளையாட்டரங்கக் காய்ச்சல் கண்டிருந்தது என்பதையும் இங்கே குறிப்பிடவேண்டும். நல்ல புல்லும் நிழலும் உள்ள பழைய மைதானங்களைப் பற்றிப் பேசுவது நாகரிகக் குறைவாகக் கருதப்பட்டது. அயலூர்க் கழகமொன்று தன் பழைய மைதானத்தை வெறுத்தொதுக்கிப் புதிய அரங்கம் கேட்டதில், அதற்கு நுழைவாயில் மட்டும் கட்டிக் கொடுக்கப்பட்டது. அக்கழகத்தார் ஞாயிறுதோறும் சீருடை அணிந்து அந்த வாயிலுக்குள் நுழைந்து, மறுபக்கத்தால் வெளிவந்து, அதைப் படமெடுத்து வட்ஸ்அப்பில் அனுப்பினர். அந்தப் படங்களைப் பார்த்துத் தில்லைமுனை ஏங்கியது.

அவ்வாண்டு பிறக்குமுன் வந்த மார்கழியில் பெருமழை. வயல் வட்டைகள் மூழ்கி வேளாண்மை அழுகும் நிலை வந்ததால், வழமைபோலக் கூட்டம் கூடி, முகத்துவாரத்து மணல் திட்டை வெட்டிவிட்டிருந்தார்கள். வெட்டினால் வாவி நீர் கடலுக்குள் பாயும். கரையோரம் வற்றி, சேற்றுத் தரை வெளியே தெரியும். அடுத்த மாரியில் வாவி தன் இடத்துக்குத் திரும்பும். இது தில்லைமுனையிற் பிறந்த எவருக்கும் தெரியும். வெளியூரிலிருந்து வந்து ஐந்து மாதமே ஆன சிவதர்ஷனுக்குத் தெரியாது.

திட்டு வெட்டி மூன்றாம் கிழமை அவர் காணி தேடி வந்தார். மயானத்துக்கு அப்பால் மரமில்லாத, மேடுபள்ளமில்லாத, வேலியில்லாத பதினொரு ஏக்கர் நிலம் அவர் கண்ணிற் பட்டது.

"இது ஆர்ட காணி?"

"ஒருத்தருக்கும் இல்ல சேர்," என்றது கூட்டம்.

"இவ்வளவு நாளும் இத எப்பிடிச் சும்மா விட்டீங்க?"

கூட்டத்தில் நின்ற அறுபது பேரில் ஐம்பது பேர் சென்ற மாதம் அந்த இடத்தில் தோணியிற் போனவர்கள். எஞ்சிய பத்துப் பேர் அங்கே குளித்தவர்கள். அறுபது பேரும் அது தவறுதான் என்று தலையாட்டினர். சேற்றில் ஊன்றி நின்ற வலைக்கம்புகளைக் காட்டி உத்தியோகத்தர் கேட்டார்.

"இந்தக் கம்புகள் என்னத்துக்கு?"

"கோல் கம்பம் சேர்," என்றார் அழகரத்தினம். அந்தப் பொய் தம் வாயிலிருந்து வந்ததைக் கேட்டு அவரே வியந்தார்.

"மாரியில தண்ணி நிக்குமா?"

அழகரத்தினம் வாவியைப் பார்த்தார். பிறகு உத்தியோகத்தரின் கையிலிருந்த கோப்பைப் பார்த்தார். அதன் முதற்பக்கத்தில், "திட்ட இணைப்பாளர்: திரு. ச. அழகரத்தினம்" என்று அச்சாகி இருந்தது. அவருடைய பெயர் அதற்கு முன் எதிலும் அச்சானதில்லை, கலியாணக் கடதாசி ஒன்றைத் தவிர. அதிலும் எழுத்துப் பிழை.

"கொஞ்சம் ஈரம் பிடிக்கும் சேர்."

"மண்ணின் ஈரப்பதன் திருப்திகரம்" என்று உத்தியோகத்தர் எழுதிக்கொண்டார்.

திரும்பும் வழியில் விதுர்ஷா மாமனை விடவில்லை.

"போன மாசம் இதுலதானே மாமா நீங்க றால் பிடிச்ச?"

"வாய மூடு புள்ள. ஸ்டேடியம் வரட்டும். மறுகா றாலப் பத்திக் கதைப்பம்."

மே மாதத்தில் திட்டத்தின் காணொளி வந்தது. ஐயாயிரம் ஆசனங்கள், மின்னொளிக் கோபுரங்கள், பிரமுகர் மாடம், மாடத்துக்கு மட்டும் ஆறு கழிப்பறைகள். தில்லைமுனையின் சனத்தொகையோ, வெளிநாட்டில் இருப்பவர்களையும் தொட்டிற் பிள்ளைகளையும் சேர்த்து, ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பன்னிரண்டு. எனினும் காணொளியில் ஆசனங்கள் நிறைந்திருந்தன. பொன்னிறத் தலைமயிரும் முழங்கால் வரை நீண்ட குளிர் அங்கியும் உடைய பார்வையாளர்கள் கைதட்டினர். ஒருவர் நாயைப் பிடித்துக்கொண்டு கோல் கம்பத்தின் ஊடாக நடந்து போனார். ஊரார் அதை நாற்பது தடவை பார்த்தனர். அந்த வெயிலிலே குளிர் அங்கி எதற்கு என்று கேட்ட விதுர்ஷா அபிவிருத்திக்கு எதிரானவள் எனத் தீர்மானிக்கப்பட்டாள்.

ஆவணியில் அடிக்கல் நாட்டப்பட்டது. கல்லிலே பணியகத்துப் பணிப்பாளரின் பெயர் முதல் வரியிலும், அழகரத்தினத்தின் பெயர் நான்காம் வரியிலும் பொறிக்கப்பட்டிருந்தன. கல்லை வைத்தவர் ஜிப்ரி. வைத்துவிட்டுக் காலால் தரையை அழுத்திப் பார்த்தார்.

"அண்ணன், நான் அங்க மணலுக்குள்ள ஸ்டேடியம் கட்டினன். தண்ணிக்குள்ள கட்டல்ல."

"வெயில்ல பாளம் பாளமா வெடிச்சிக் கிடக்கு. உனக்குத் தண்ணி தெரியுதா?"

"செவரு என்ன மாதிரி?"

"செவர விடு தம்பி. அது சின்ன விசயம்."

கார்த்திகையில் மழை தொடங்கிற்று. வாவி வந்தது. முதலில் நான்காம் வரி மறைந்தது. பின்னர் படிப்படியாக மேலேறி, மாத முடிவில் கல்லின் தலை மட்டும் தெரிந்தது. நீர்க்காகம் ஒன்று பணிப்பாளரின் பெயருக்கு மேலே இருந்து சிறகு உலர்த்தியது.

டிசெம்பர் இருபதாம் திகதி அழகரத்தினம் நனைந்த குடையுடன் பணியகத்துக்கு ஓடினார். விதுர்ஷாவும் கூடவே போனாள்.

"சேர், அந்தச் செவரையாவது தள்ளித் தாங்க. ரெண்டு நாள்ல முடிச்சிருவம்."

சிவதர்ஷன் உண்மையாகவே இரங்கினார். புதிய சுற்றறிக்கையொன்றும் அவரிடம் இருந்தது.

"தரலாம் ஐயா. இப்ப அதுக்கும் அதிகாரம் வந்திருக்கு. ஒரேயொரு கடிதம் வேணும். உங்களுக்கு விளையாட்டரங்கம் வேணாமெண்டு, இணைப்பாளர் பதவிய விடுறனெண்டு எழுதித் தாங்க. நாளைக்கே ஒடைக்கலாம்."

கடதாசியையும் பேனையையும் முன்னால் வைத்தார். அழகரத்தினம் பேனையை எடுத்தார். திகதியை எழுதினார். "ஐயா" என்று விளித்தார். அதற்கு மேல் கை ஓடவில்லை.

"எழுதிக் குடுங்க மாமா."

"பேர் கல்லுல கிடக்கு புள்ள."

"கல்லு தண்ணிக்குள்ள கிடக்கு மாமா!"

அவர் பேனையை மூடி வைத்தார். அன்று மாலை கூடிய கழகத்தின் பொதுக் கூட்டம், ஒரேயொரு கை எதிராக உயர, செயலாளரின் உறுதிப்பாட்டைப் பாராட்டித் தீர்மானம் நிறைவேற்றியது. ஆறு மீற்றருக்காக ஐயாயிரம் ஆசனங்களை விட்டுக்கொடுக்க அங்கே யாருக்கும் மனமில்லை.

முப்பத்தோராம் திகதி லீக்கின் பரிசோதகர் புதிய அரங்கத்தை அளக்க வந்தார். சப்பாத்தைக் கழற்றிக் கையிற் பிடித்தபடி தோணியில் ஏறினார். அழகரத்தினம் தாமே கம்பு ஊன்றித் தோணியைச் செலுத்தினார். கோல் கம்பம் என்று பதிவாகியிருந்த வலைக்கம்பு ஒன்றிலிருந்து மற்றொன்று வரை அளவுநாடா பிடிக்கப்பட்டது. நூற்றைந்து மீற்றர். அகலமும் தாராளம்.

"தரை சமமா இருக்கா?" என்று பரிசோதகர் படிவத்தைப் பார்த்துக் கேட்டார்.

"பாருங்களன் சேர்," என்றார் அழகரத்தினம். கண்ணுக்கெட்டிய தூரம் வரை அதைவிடச் சமமான பரப்பு வேறு இருக்கவில்லை.

பரிசோதகர் படிவத்தை முன்னும் பின்னும் புரட்டினார். நீளம், அகலம், சமதரை, கோல் கம்பம் ஆகியவற்றுக்குக் கட்டங்கள் இருந்தன. தண்ணீருக்குக் கட்டம் இல்லை. கட்டமில்லாத ஒன்றை எழுதுவதற்கு அவர் அதிகாரம் பெற்றிருக்கவில்லை. நான்கு சரி அடையாளங்களை இட்டுக் கையொப்பம் வைத்தார். மின்னொளி முதலாம் பிரிவில் நிலைத்தது. கரையில் வெடி கொளுத்தினார்கள்.

அந்தப் பருவத்தில் மின்னொளி தன் சொந்த மைதானத்தில் ஒரு போட்டியிலும் தோற்கவில்லை. வந்த அணிகள் கரையில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பின. ஒவ்வொரு போட்டியும் ஒத்திவைக்கப்பட்டது. ஒத்திவைப்பு விதிப்படி தோல்வியாகாது. பங்குனிக்குள் ஏழு கழகங்கள் தத்தம் பழைய மைதானங்களைக் கைவிட்டு, வாவிக்குள் இடம் ஒதுக்கித் தருமாறு விண்ணப்பித்தன. எங்கேயாவது பந்து உருண்டதென்றால், அது தில்லைமுனையின் பழைய மைதானத்தில் மட்டுந்தான். விதுர்ஷாவின் அணி அங்கே மாலைதோறும் மாடுகளை விலக்கிவிட்டு விளையாடியது.

சித்திரையில் பணியகத்திலிருந்து கடிதம் வந்தது. கழகமொன்றுக்கு இரண்டு மைதானங்கள் இருக்கலாகாது என்றும், அங்கீகரிக்கப்பட்ட விளையாட்டரங்கம் ஒன்றை மின்னொளி உடையதாதலால் பழைய தரை வெற்றுக் காணியாகின்றது என்றும், களஞ்சியத்தின் சுவரை இருபது மீற்றர் வடக்கே, அந்தத் தரைக்குள், நகர்த்திக் கட்டத் தீர்மானிக்கப்பட்டுள்ளது என்றும், இதற்குத் திட்ட இணைப்பாளரின் சம்மதக் கையொப்பம் தேவை என்றும் அதில் இருந்தது. அவருடைய பெயர் அச்சாகியிருந்தது. எழுத்துப் பிழை இல்லை. அழகரத்தினம் கையொப்பமிட்டார்.

மேசன் ஜிப்ரி சாக்கை அவிழ்த்து அலவாங்கை எடுத்தார். திங்கட்கிழமை உடைத்தார். செவ்வாய்க்கிழமை கட்டினார். புதுக் கல் வேண்டியிருக்கவில்லை. விதுர்ஷாவும் அவளுடைய அணியினரும் பந்தைக் காலடியில் வைத்துக்கொண்டு பார்த்து நின்றனர். செயலாளர் வந்து, சுவர் நேராக இருக்கிறதா என்று ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். மிகவும் நேராக இருந்தது.

ஜிப்ரி கைச் சாந்தைக் கழுவிக்கொண்டே சொன்னார்:

"ரெண்டு நாள் வேலயெண்டு நான் அண்டைக்கே சொன்னன்தானே, அண்ணன்."