நாற்பத்திரண்டாம் நாள் சரணாகதி

அம்பாசமுத்திரம்
18.11.1993

வள்ளியூர் பாபநாசம் மாமா அவர்களுக்கு, அக்காள் மகன் குமரகுருபரன் வாய் பொத்தி எழுதும் கடிதம். (கைதானே எழுதுகிறது, வாய் சும்மா இருக்கட்டும்.) அத்தையும் பிள்ளைகளும் மூன்று வேளையும் சாப்பிட்டுச் சுகமாக இருக்க முருகனை வேண்டுகிறேன். இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதிப் போடச் சொல்லி அம்மா கார்டு வாங்கித் தந்தாள். அந்தப் பொய்க்குக் கார்டு போதும். உண்மைக்கு இடம் பத்தாது என்பதால் இன்லண்ட் கடிதம்.

எல்லாவற்றுக்கும் காரணம் ஒரு ரஷ்யப் புத்தகம், மாமா. பன்னிரண்டு பேரை வேலையை விட்டு நீக்கியதற்காக மில்லில் வேலைநிறுத்தம் தொடங்கிய வாரம், சங்கத்துக்காரர்கள் போட்ட புத்தகக் கடையில் அப்பா தன் கையாலேயே வாங்கித் தங்கச்சி சித்ரலேகாவிடம் கொடுத்தார். பதினான்கு வயசுப் பிள்ளைக்குப் பாவாடைத் துணி வாங்கியிருக்கலாம். அந்தப் புத்தகத்தில் ஒரு நகரத்தை எதிரிப் படை வளைத்துக்கொள்கிறது. தொள்ளாயிரம் நாள் பட்டினி, தோல் வாரை வேகவைத்துக் குடித்தும் சனங்கள் சரணடையவில்லை. சித்ரா மூன்று தரம் படித்தாள், மூன்று தரமும் அழுதாள், நாலாம் நாள் நம் வீடு முற்றுகைக்கு உள்ளானது. ஆளுக்கு ரெண்டு இட்லி, சாயங்காலம் கஞ்சி, எதிரி விமானத்துக்கு வெளிச்சம் தெரியாமலிருக்கச் சன்னலுக்குக் கறுப்புத் தாள். அம்மாவுக்குப் பரம நிம்மதி. அரிசிப் பானை காலி என்று சொல்ல நாக்கூசிக்கொண்டிருந்தவளுக்கு மகளே சட்டம் போட்டுவிட்டாளே! மற்ற வீடுகளில் பட்டினி, எங்கள் வீட்டில் மட்டும் வீரம்.

போதாதென்று பள்ளிக்கூடம் விட்டதும் மில் வாசல் பந்தலுக்குப் போய், “நாப்பது நாளைக்கே மூச்சு வாங்குதோ? அவங்க தொள்ளாயிரம் நாளு நின்னாங்க!” என்று முழங்குவாள். சங்கத் தலைவர் அகமது மீரான் அண்ணாச்சி, “வே, உம்ம மவ இருக்கையில நமக்கு எதுக்கு மைக்கு?” என்று அப்பா முதுகில் தட்டுவார். அப்பா சிரிப்பார். பல் தெரியும், சிரிப்பு தெரியாது.

நானும் என் பங்குக்கு முப்பத்தொன்பதாம் நாள் கையைக் குவித்து மில் சங்கு மாதிரி ஊதி, “விமானம் வருது!” என்று கத்தினேன். சித்ரா கட்டிலுக்கு அடியில் பாய்ந்தாள். கால் பட்டு நாலு பேர் கஞ்சியும் தரையில். அம்மா அடிக்கவில்லை. துணியால் துடைத்தாள், ஈரம் போன பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

நாற்பத்திரண்டாம் நாள், “பைய ஆத்துப் பக்கம் போயிட்டு வாரேன்” என்று காலையில் கிளம்பிய அப்பா சாயங்காலம்தான் திரும்பினார்.

“யப்பா, காதுல பஞ்சு ஒட்டியிருக்கு” என்றாள் சித்ரா.

துடைத்தார்.

“மீசையிலயும்.”

அதையும் துடைத்தார்.

“ஏன்ப்பா, ஆத்துல பஞ்சா ஓடுது?”

பஞ்சு லாரியில், பொதிகளுக்கு நடுவே படுத்துக்கொண்டு, பந்தலைத் தாண்டி மில்லுக்குள் வேலைக்குப் போயிருக்கிறார். இடுப்பில் கட்டிய சாரத்தோடு சரணாகதி.

அன்றிலிருந்து அவள் வீட்டில் பச்சைத் தண்ணி குடிப்பதில்லை. பந்தலில் கஞ்சி ஊற்றுகிறாள், மிச்சம் இருந்தால் குடிக்கிறாள். ஐந்து நாளில் பாதியாகிவிட்டாள். அப்பா இப்போது போலீஸ் காவலோடு முன்வாசல் வழியாகவே போகிறார். எல்லோரும் ‘கருங்காலி’ என்று கத்தும்போது அவள் மட்டும் கத்துவதில்லை, பார்க்கிறாள். கத்தலுக்கு நிமிர்ந்து நடக்கிறவர் அந்தப் பார்வைக்குக் குனிந்துவிடுகிறார். முதலாளி கொடுத்தனுப்பிய அரிசியில் வெள்ளைச் சோறு, சாம்பார் வேறு, அப்பா அம்மா முன்னால் ஆறிக் கிடக்கிறது. நேற்று அம்மா அதைத் தூக்குவாளியில் பந்தலுக்குக் கொண்டுபோனாள். “யாரு அரிசிம்மா இது?” என்று சித்ரா கேட்டிருக்கிறாள். அம்மா வாளியைத் திறக்காமலே திரும்பி வந்துவிட்டாள்.

ஆகையால் தாய்மாமன் உரிமையில் வந்து அவளை வள்ளியூருக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். உங்கள் சோற்றை அவள் தின்பாள். ஒரு கோழையோடு இந்த வீட்டில் இரு என்று சொல்ல எனக்கே வாய் வரவில்லை.

அத்தைக்கு வணக்கம். குட்டிகளுக்கு ஆளுக்கொரு குட்டு.

இப்படிக்கு,
குமரகுருபரன்

பி.கு.: மாமா, வர வேண்டாம். ‘கோழை’ என்று எழுதினேனே, அந்த ஆள் அப்பா இல்லை. கஞ்சி கொட்டிய மறுநாள் வாய்க்காலில் குளிக்கும்போது, “ஒவ்வொருத்தரா உள்ள போயிட்டிருக்காவ, நீங்க மட்டும் என்னத்துக்குப்பா வெயில்ல கெடக்கிய? எனக்குப் பசிக்குதுப்பா” என்று கேட்டவன் நான். அப்பா என் தலையைத் துவட்டிவிட்டார். மகள் அப்படிப் பார்க்கிறபோதுகூட, ‘உன் அண்ணன்தான் கேட்டான்’ என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த வெள்ளைச் சோற்றை முதலில் தின்றவனும் நான்தான். இன்று சித்ராவிடம் சொல்லப்போகிறேன். வீட்டு வாசலில் வைத்துச் சொன்னால் விளையாட்டு என்று நினைப்பாள். அதனால் பந்தலில், அத்தனை பேர் முன்னாலும் நின்று சொல்லவேண்டும். இதை ஒட்டித் தபால்பெட்டியில் போட்டுவிட்டு நேரே பந்தலுக்குத்தான்.