பஞ்சர்க்காரர் நெஞ்சுக்கு ஒட்டுப் போட்ட கதை

தூத்துக்குடி ரோட்டில் ஓடுகிற லாரிகளில், எங்கள் வீட்டுக்காரரிடம் திட்டு வாங்காத டயர் ஒன்றுகூட இருக்காது. பந்தல்குடியில் அவருக்குப் பஞ்சர்க்காரர் என்றுதான் பெயர். புருஷன் பெயரை வாயால் சொல்லாத எனக்கும் அது வசதியாகப் போயிற்று.

ஒட்டிய ட்யூபைத் தண்ணீர்த் தொட்டியில் முக்கி, குமிழி வருகிறதா என்று பார்க்காமல் யாருக்கும் தரமாட்டார். புடைத்த டயரை, டிரைவர் தலைகீழாக நின்றாலும் ஒட்டமாட்டார். "ஏலே, இத ஒட்டுனா நீ வீடு போய்ச் சேரமாட்ட, ஒன் போட்டோதான் போகும்" என்று டயர்மேலேயே ஏறி உட்கார்ந்துகொள்வார்.

அப்பேர்ப்பட்டவருக்கு ஒரு முறை நெஞ்சுவலி வந்து போனது. அதற்குப் பிறகு, கடைவாசல் வரை நடந்தாலே மூச்சு வாங்கியது. மதுரைக்குக் கூட்டிப்போனேன். டாக்டரம்மா நெஞ்சில் பசையைத் தடவி எக்கோ எடுத்துப் பார்த்தார்.

"அன்னைக்கு வந்த அட்டாக்குல இதயச் சுவர் ஒரு பக்கம் மெலிஞ்சு, பலூன் மாதிரி புடைச்சிருக்குங்கய்யா. அந்த இடத்தை வெட்டி எடுத்துட்டு, ஒட்டு வச்சுத் தைக்கணும். விட்டா உயிருக்கு ஆபத்து."

இவர் சட்டையை மாட்டிக்கொண்டு எழுந்துவிட்டார்.

"பொடைச்சத ஒட்டவே கூடாது டாக்டரம்மா. ஊருக்கெல்லாம் சொல்லிட்டு நானே ஒட்டிக்கிட்டுப் போனா, டிரைவருக சிரிக்க மாட்டாகளா?"

நான் அவசரப்படவில்லை. "ஏங்க, பொடைச்ச டயர என்ன செய்யச் சொல்வீக?"

"தூக்கிப் போட்டுட்டு ஸ்டெப்னிய மாட்டச் சொல்வேன்."

"ஒங்க நெஞ்சுக்கு ஸ்டெப்னி எந்தக் கடையில இருக்கு? சொல்லுங்க, பஸ்ஸேறிப் போயி வாங்கியாரேன்."

மாட்டிய சட்டையின் பித்தானைக் கழற்ற ஆரம்பித்தார். வாழ்க்கையில் அவரிடம் நான் ஜெயித்த ஒரே பேச்சு அதுதான். ஜெயிக்க வேண்டிய பேச்சும் அதுதான்.

ஆபரேஷன் முடிந்து, வாயிலிருந்த குழாயை எடுத்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி: "டாக்டரம்மா, தண்ணியில முக்கிப் பாத்தீகளா?"

டாக்டரம்மா சிரித்துக்கொண்டே மறுபடி எக்கோ எடுத்து, திரையை இவர் பக்கம் திருப்பினார். "எல்லாம் சரியா இருக்கு, நீங்களே பாருங்க."

"நல்ல வேல. எங்கிட்ட வேலைக்குச் சேந்திருந்தா கடையவே ஒங்களுக்கு எழுதி வச்சிருப்பேன்."

இன்றைக்கும் புடைத்த டயரைத் தொடுவதில்லை. "ஒங்க நெஞ்ச மட்டும் ஒட்டலாமாக்கும்?" என்று டிரைவர்கள் சீண்டினால், "அதுக்கு ஸ்டெப்னி கெடையாதுலே" என்கிறார், என்னவோ தான் கண்டுபிடித்த மாதிரி. நானும் வாயைத் திறப்பதில்லை.

விடிகாலையில், அவர் எழுவதற்கு முன்பு, அந்தத் தையல்மேல் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பேன். எனக்குத் தண்ணீர்த் தொட்டி வேண்டியதில்லை.