ஆறு ஜொனதன்களும் நானும்

மாப்பிள்ளை வீட்டை விசாரிக்காமல் பெண் கொடுக்கும் துணிவு எனக்கு இல்லை. ஊரில் என்றால் இரண்டு தெரு தள்ளி ஒருவரைப் பிடித்துத் தேத்தண்ணி கொடுத்தால் போதும், ஏழு தலைமுறையும் வந்துவிடும். என் மகள் தாரணி விரும்பிய ஜொனதனோ அமெரிக்கன். அவளுக்கும் அமெரிக்காவில்தான் வேலை. கணவர் இறந்தபின், நாங்கள் புலம்பெயர்ந்து வந்த கோலியர்ஸ் வுட் வீட்டில் நானும் ஃபிரிட்ஜின் இரைச்சலும் மட்டும். என் பிள்ளையும் ஒருநாள் இப்படித் தனியாக நின்றுவிடக் கூடாது என்பதுதான் என் பயம்.

ஆங்கிலேயர் அங்கே குடியேறிய காலத்திலிருந்து ஜொனதனின் குடும்பம் ஒரே ஊரில்தானாம். அந்த ஊரின் பழைய பதிவேடுகள் இணையத்தில் கிடைத்தன. என் ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் அதற்குள் போயின.

அப்பா ஜொனதன், மகன் ஜொனதன், சித்தப்பாவும் ஜொனதன். இறந்த குழந்தையின் பெயரையே அடுத்ததற்கும் வைத்திருந்தார்கள். (நாங்கள் எண்சாத்திரம் பார்த்து மண்டையை உடைக்கிறோம். இவர்கள் ஒரு சிரமமும் படவில்லை.) மனைவிமாரில் பாதிப்பேர் ஹன்னா. பழைய கலண்டர் தாள்களின் பின்பக்கத்தில் கோடு போட்டு ஆறு ஜொனதன்களைப் பிரித்தெடுத்தேன். "நீர் ஆருடைய மகன்?" என்று அவர்களிடம் வாய்விட்டுக் கேட்கிற அளவுக்குப் பழகிவிட்டோம். அந்த வீட்டில் வேறு யாரோடு பேசுவது?

அப்போதுதான் அகப்பட்டது. ஜொனதன் சீனியர் இறந்து அடக்கமானதாக ஒரு பதிவு. மனைவி ஹன்னா உயிரோடிருக்கிறாள். இரண்டு வருடம் கழித்து அதே ஜொனதன் சீனியர் வேறொருத்தியைக் கலியாணம் செய்கிறார். செத்ததாக நாடகமாடி மனைவியைக் கைவிட்டவன்! எனக்கு இரத்த அழுத்தம் ஏறிவிட்டது.

கோடையில் தாரணி ஜொனதனையும் அவன் தாயையும் அழைத்து வந்தாள். அந்த அம்மா ஓய்வுபெற்ற ஆசிரியை, மென்மையான குரல். கத்தரிக்காய்ப் பால்கறியை இரண்டாம் முறை போட்டுக்கொண்டார். நான் தாள்களை விரித்து, நீதவான் மாதிரி ஆங்கிலத்தில் கேட்டேன்: "உங்கள் குடும்பத்து ஆண்களுக்கு மனைவியை விட்டு ஓடுகிற வழக்கம் உண்டா?"

தாரணி கண்ணை மூடிக்கொண்டாள். அந்த அம்மா கண்ணாடியைப் போட்டுத் தாளை ஆற அமரப் படித்தார்.

"அந்தக் காலத்தில் சீனியர் என்றால் தகப்பன் என்று அர்த்தமில்லை. ஊரில் அந்தப் பெயரில் உயிரோடிருப்பவர்களில் வயது கூடியவர். இவர் இறந்ததும் இவருடைய அண்ணன் மகன் ஜொனதன் சீனியர் ஆகிவிட்டார். பாவம், இவர் உண்மையாகவே செத்தவர்." கண்ணாடியைக் கழற்றினார். "இந்த வரிசையில் ஓடிப்போனது ஒருவர்தான். என் கணவர். இவனுக்கு அப்போது ஏழு வயது."

ஜொனதன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் தண்ணீர் எடுக்கிற சாட்டில் குசினிக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன். தாரணி பின்னால் வந்தாள்.

"எனக்கு இது தெரியும். என்னட்டைக் கேட்டிருக்கலாம் தானே அம்மா."

"நீ போனை எடுத்தாத்தானே, பிள்ளை."

அவள் குழாயை மூடிவிட்டு என் தோளில் தலையைச் சாய்த்தாள்.

கலியாணம் நடந்தது. ஜொனதன் ஓரளவு தமிழ் படித்துவிட்டான். வருடத்துக்கு ஒருமுறை வந்து, புறப்படும்போது வாசலில் நின்று, "மாமி, போயிட்டு வாறன். கட்டாயம் வாறன்," என்பான். தாரணி விழுந்து விழுந்து சிரிப்பாள். டாக்சி தெருமுனையில் திரும்பும்வரை நானும் சிரித்தபடி கையசைத்துக்கொண்டு நிற்பேன்.